சென்றாயன் எறியாத பந்து

பயிற்சியில் பத்து எறிந்தால் எட்டை வளையத்துக்குள் போடுகிற சென்றாயன், ஆட்டம் என்று வந்துவிட்டால் ஏன் ஒன்றைக்கூட எறிவதில்லை என்பது லூர்து மேரிக்கு விளங்கவே இல்லை. எறிந்து தவறவிட்டால்கூடப் புரிந்துகொள்ளலாம். தவறவிடுவதற்கும் எறிய வேண்டுமே! பந்து கைக்கு வரும், எதிரே ஆள் இருக்காது, வளையம் வாவென்று கூப்பிடும். அவன் ஒரு கணம் நிற்பான், பிறகு பந்தை வேறு ஆளிடம் தள்ளிவிடுவான்.

அன்று அரூர்ப் பள்ளி மைதானத்திலும் அதுவேதான் நடந்துகொண்டிருந்தது. 1974ஆம் வருடத்து மாவட்டக் கூடைப்பந்துப் போட்டி. தருமபுரிக் கழகம் பன்னிரண்டு புள்ளி பின்தங்கிக் கிடந்தது. கழகம் சம்பளத்துக்கு வைத்திருந்த கோச் அல்போன்ஸ்தான் லூர்து மேரியின் கணவன். காலையில் பஸ் ஏறும்போதே செயலாளர் மாதப்பன் மென்று முழுங்காமல் சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் தோத்தா வேற கோச்சப் பாத்துக்கறோம் சார், தப்பா நெனைக்காதீங்க."

அல்போன்ஸுக்கு இந்த வேலை போனால் பழையபடி பெங்களூர்தான். பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர் வேலை லூர்து மேரிக்குப் போன மாதம்தான் நிரந்தரமாகியிருந்தது. அவள் அதை ராஜினாமா செய்துவிட்டு அவனோடு போக வேண்டும்.

பஸ்ஸில் அரூர் வரைக்கும் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"அவன உக்கார வெச்சுட்டுப் பச்சியப்பன எறக்குங்க."

"பச்சியப்பனுக்கு ரிங்கு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது மேரி."

"சென்றாயனுக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? கும்புட்டுட்டுத் திரும்பி வர்றான்."

"பயம் அவனுக்கு. போகப் போகச் சரியாயிடும்."

"அதுக்குள்ள நாமளே போயிடுவோம்."

அல்போன்ஸின் ஆட்டமுறையில் அவளுக்குக் குறை இல்லை. அதன் பெயர் எட்டு. மூன்று பேர் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவார்கள். பந்தைக் கொடுத்தவன் வாங்கியவனின் முதுகுப் பக்கமாகச் சுற்றி ஓட வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் அவர்கள் ஓடிய தடம் எட்டு என்ற எண் போலத் தெரியும். ஒவ்வொரு முறை இருவர் குறுக்கே கடக்கும்போதும், அவர்களைத் துரத்துகிற எதிராளிகள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்வார்கள். அப்போது ஓர் இடைவெளி திறக்கும். அந்த இடைவெளியில் பந்தோடு நிற்பவன் நன்றாக எறிகிறவனாக இருந்தால் போதும். இடைவெளியும் திறந்தது, அங்கே சென்றாயனும் நின்றான். கதவைத் திறந்து விட்டபிறகு வாசலிலேயே நிற்கிறவனை என்ன செய்வது?

லூர்து மேரி பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்தாள். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எட்டில் கூட ஓடுகிற மூன்றாவது ஆள் மாது பக்கத்திலேயே நின்றாலும் அவனுக்குக் கொடுப்பதில்லை. தேடிப்பிடித்துக் கேப்டன் வெங்கடாசலத்துக்குத்தான் கொடுத்தான்.

இடைவேளையில் அவனிடமே போய்க் கேட்டாள்.

"ஏன் சென்றாயா எறிய மாட்டேங்கற?"

"மாமா நிக்கறாருங்களே டீச்சர்."

"நின்னா?"

"அக்கா வூட்டுக்காரருங்க. அவரு கைய நீட்டிக்கிட்டு நிக்கறப்ப நான் பாட்டுக்கு எறிஞ்சா நல்லாவாங்க இருக்கும்?"

"ஆட்டம்னா எல்லாருந்தான்டா கைய நீட்டுவாங்க!"

"இருந்தாலுமுங்க."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பயிற்சியில் ஒவ்வொருவராக வரிசையில் வந்து எறிவார்கள். பக்கத்தில் மாமா கிடையாது. அதனால்தான் அங்கே பத்துக்கு எட்டு விழுகிறது.

அல்போன்ஸிடம் ஓடினாள். "வெங்கடாசலத்த உக்கார வைங்க."

"மாமன உக்கார வெச்சா மச்சானும் எந்திரிச்சுப் போயிடுவான். அப்புறம் யாரு, நீ வந்து ஆடறயா?"

"ஆடுனா உங்க ஆளுங்களவிட நல்லாத்தான் ஆடுவேன்."

விஷயத்தைக் கேட்ட வெங்கடாசலமே கொதித்துப் போனார். "டேய், இங்க வாடா! நான் எங்க நின்னாலும் கண்ண மூடிக்கிட்டு எறி, தெரியுதா?"

"சரிங்க மாமா."

ஆட்டம் மறுபடி தொடங்கியது. மாது பந்தைக் கொடுத்தான், இடைவெளி திறந்தது, வெங்கடாசலம் பழக்கதோஷத்தில் கையை நீட்டியபடி கடந்தார். சென்றாயன் அவர் கையில் பந்தை வைத்தான். கூட்டம் ஓவென்று சிரித்தது.

"ஏம்பா, ரிங்கு மேல உனக்கு என்னா கோவம்?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

அல்போன்ஸ் துண்டை மண்ணில் வீசினான். லூர்து மேரி பெஞ்சில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள். சென்றாயனே ஒத்துக்கொண்டும் அவன் கை ஒத்துக்கொள்ள மறுக்கிறதே!

அடுத்த முறை எட்டு குலைந்துபோனது. வெங்கடாசலத்தை இரண்டு பேர் மூலையில் நெருக்கினார்கள். வேறு வழியில்லாமல் அவர் பந்தைச் சென்றாயனிடம் தள்ளினார். சென்றாயன் நிற்கவே இல்லை. எறிந்தான். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

லூர்து மேரி கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, டைம் கேளுங்க!"

"ஒரு ரிங்கு விழுந்ததுக்கா?"

"கேளுங்கன்னா! மாது குடுக்கற பந்த மாமாவுக்குக் குடுத்தா அது மரியாத. மாமாவே குடுத்தத மாமாகிட்டயே திருப்பிக் குடுத்தா? வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடாது? அத அவன் செய்வானா?"

அல்போன்ஸ் நடுவரிடம் கையைக் காட்டி நேரம் வாங்கினான். கால் கட்டைவிரலால் செம்மண்ணில் எட்டைப் போட்டு, மாது நின்ற இடத்தையும் வெங்கடாசலம் நின்ற இடத்தையும் மாற்றினான். ஓட்டம் அதேதான், ஆள் வரிசை மட்டும் வேறு.

"எட்டுல தப்பில்லன்னு சொன்னேனில்ல?" என்றான்.

"நான் எப்பங்க எட்டக் கொற சொன்னேன்?"

அதற்குப் பிறகு மாமா கையிலிருந்து வந்த பந்தையெல்லாம் சென்றாயன் எறிந்தான். ஒரே ஒரு புள்ளியில் தருமபுரி ஜெயித்தது. மூச்சு வாங்க ஓடிவந்த மாதப்பன், அல்போன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நீங்களே இருங்க சார், எங்கயும் போவக் கூடாது. என்னதான் செஞ்சீங்க, அதச் சொல்லுங்க!"

அல்போன்ஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டான்.

"சென்றாயனுக்கு வெங்கடாசலம் மட்டுந்தான் பந்து குடுக்கணுமுங்க" என்றாள் லூர்து மேரி. "வேற யாரும் குடுக்கக் கூடாது."