நாலு தோள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. நியூயார்க்கில் என் கீழ்வீட்டு ஐரிஷ்காரர், கறுப்பர்கள் பேச்சு வந்தாலே, "எங்களையுந்தான் நாய் மாதிரி நடத்தினாங்க. நாங்க முன்னேறலையா?" என்பார். அவர் வாயை அடைக்க ஒரு கதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். புத்திகெட்ட வேலை.

2

1855. துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பு. பனிமூட்டம் மெல்ல

(வேண்டாம். பனிமூட்டத்தில் கதை ஆரம்பிக்கிறவனை உதைக்க வேண்டும்.)

ஹனோராவின் கணவன் கோர்மக், கப்பலில் மூட்டை இறக்கும்போது தவறி விழுந்து செத்துப்போனான். அவனைத் தூக்கிவந்து வீடு சேர்த்தவன் மாடிவீட்டு சைலஸ். கறுப்பினத்தவன்.

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் மண் சுங்கானில் புகையிலையை இரண்டு இழுப்பு இழுத்து, செத்தவனுக்காக ஜெபிப்பார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் ஐரிஷ்காரரிடம் கிடையாது. சைலஸும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

சவப்பெட்டி தூக்க வந்திருந்த நாலு பேரில் ஒருவன், கோர்மக்கின் கூட்டாளி டார்பி, எழுந்தான். "அண்ணி, அவன் உள்ள வந்தா நாங்க நாலு பேரும் கெளம்பிருவோம். பொட்டிய யாரு தூக்குறான்னு பாத்துக்கங்க."

தோளில் போகாமல் வண்டியில் போகிற பிணம் நாதியற்ற பிணம். ஹனோராவால் அதைத் தாங்க முடியாது.

3

முதல் முடிவு: அவள் சைலஸின் கையைப் பிடித்து உள்ளே

(ஹனோரா மறுக்கிறாள். "நீ எழுதிட்டுப் போயிருவ. எம் புருசனைத் தூக்குவியா?")

இரண்டாவது: சைலஸிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச்

(இதை நான் மறுக்கிறேன். அயர்லாந்தில் பட்டினி, இங்கே வந்தால் 'வேலைக்கு ஐரிஷ்காரர் வேண்டாம்' என்ற பலகை. இத்தனை பட்டும் உனக்கு உறைக்கவில்லையா என்று டார்பியைக் கேட்டேன். "உறைச்சதாலதான் சொல்றேன். அவங்களோட சேத்து எண்ணினா நாங்களும் கீழயே கெடப்போம்" என்றான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?)

4

அவளே ஒரு வழி செய்தாள். சுங்கானை நிரப்பி வாசலுக்குக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இங்கயே இழுத்துக்கங்கண்ணே. தப்பா நெனைக்காதீங்க."

சைலஸ் அதை வாங்கவில்லை. "நேத்து அவரைத் தூக்கிட்டு உள்ள வரைக்கும் வந்தேனேம்மா. கட்டில்ல படுக்கவெச்சதே நாந்தானே."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கையை மடக்கவும் தோன்றவில்லை.

5

இதற்குமேல் என்னால் ஆகாது, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். சைலஸை உள்ளே விடலாம். ஆனால் அதற்காக டார்பியைத் திருத்திவிடாதீர்கள், அது ஏமாற்று வேலை. சைலஸே தூக்கட்டும் என்பீர்கள். தூக்குவான். மீதி மூன்று தோளுக்கு ஆள் சொல்லுங்கள். பாதிரியார் தெருமுனைக்கு வந்துவிட்டார். ஹனோரா என்னை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கிறாள்.