சிங்க மீன் குத்திய நாள்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் நீர்க்காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வலை பாறையில் சிக்கினாலும் நங்கூரம் அறுந்து அடியில் கிடந்தாலும் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு முங்கிப் போய் எடுத்துக் கொடுப்பவள் அவள். கீழே பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள் என்று ஒரு நல்ல பெயர் உண்டு. அந்த நல்ல பெயர்தான் அவளை வம்பில் கொண்டுபோய் மாட்டியது.

வம்பை ஆரம்பித்தவள் அவளுடைய நாத்தனார். கடல் மீன்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். படகுக்காரர்கள் வைத்த பெயர் மீன் டாக்டர். கரையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கடலுக்கடியில் ஒரு பாறை மேடு இருக்கிறது. அங்கே போன வலை வெறுமையாகத் திரும்பியதில்லை என்று பெருமை பேசியவர்கள், கொஞ்ச காலமாக வாயைத் திறப்பதில்லை. மேட்டுக்குச் சிங்க மீன் வந்துவிட்டது, குஞ்சுகளை எல்லாம் அதுதான் தின்கிறது, மேட்டில் ஒரு பருவம் வலை போடாமல் விட்டுவிட்டு அதை மட்டும் குத்தி எடுக்க வேண்டும் என்று மீனவர் சங்கக் கூட்டத்தில் டாக்டர் எழுந்து சொன்னாள். கூட்டம் கொதித்துப் போயிற்று. எல்லோரையும் விட அதிகமாகக் கத்தியவன் அவளுடைய சொந்த அண்ணன், அதாவது நீர்க்காக்காவின் கணவன்.

"எவனோ வீட்டுத் தொட்டியில வளர்த்துட்டு, அலுத்துப்போய்க் கடல்ல கொட்டின அழகு மீனு. துறைமுகச் சுவரோரம் நாலு சுத்துது. அதுக்காக நாங்க தொழிலை மூடிட்டு உட்காரணுமா?"

"நாலு இல்லண்ணா. அது ஒரு தடவை முட்டை விட்டா ஆயிரக்கணக்குல. வருஷம் பூரா விடும். தண்ணியில மிதந்து எங்க வேணா போகும். அது வேற கடல் மீனு, இந்தக் கடல்ல அதைத் தின்ன எதுவும் பழகல."

கடைசியில் சங்கத் தலைவர் கையை உயர்த்தினார். "நீர்க்காக்கா போய்ப் பார்த்துட்டு வரட்டும். அவ என்ன சொல்றாளோ அதுக்கு எல்லாரும் கட்டுப்படணும்."

கணவன் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் படகில் போனாள். மேட்டுக்கு மேலே எஞ்சினை நிறுத்தியதும் இரண்டு பெண்களும் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

அந்த மேடு அவளுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. எந்தப் பொந்தில் எந்த மீன் குடியிருக்கிறது என்று தெரியும். அன்றைக்கு இறங்கியதும் ஒவ்வொரு பொந்தாக விளக்கை அடித்துப் பார்த்தாள். பொந்துகள் காலியாக இருந்தன. மேகம் மேகமாகத் திரியும் பொடிக் குஞ்சுகளைக் காணோம். அதற்குப் பதிலாகப் பாறை விளிம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியாய், விசிறி விரித்த மாதிரி செவுள் துடுப்புகளோடு, சிங்க மீன்கள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஆள் கிட்டே போனாலும் ஓடவில்லை. 'நீ யார்?' என்று கேட்பதுபோல் முதுகு முள்ளை மட்டும் அவள் பக்கம் சாய்த்தன. ஒன்று, தனித்துப்போன குஞ்சு ஒன்றைத் துடுப்பால் மூலையில் ஒதுக்கி, அதன்மேல் தண்ணீரை மெல்ல ஊதியது. குஞ்சு என்னவோ என்று முகத்தைத் திருப்பியது. அவ்வளவுதான், குஞ்சைக் காணவில்லை.

அவள் எண்ணத் தொடங்கினாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். ஈட்டியால் சிலவற்றைக் குத்தி, விஷ முள் படாதபடி, இடுப்பில் தொங்கிய தடித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் தள்ளினாள். டாக்டர் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நீரோட்டம் லேசாகத் தள்ள, நிலைப்பதற்காகப் பாறை விளிம்பைப் பிடித்தாள். விளிம்புக்கு அடியில், பாறைக்கு வயிற்றைக் காட்டிக்கொண்டு தலைகீழாக ஒன்று தொங்கியதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

டாக்டரின் வாயிலிருந்து குமிழிகள் கொத்தாக வெடித்தன. கேமரா கையை விட்டு நழுவிப் போயிற்று. கண்ணாடிக்குள் கண்கள் பிதுங்கின. அடுத்த நொடி காலை உதைத்துக்கொண்டு நேராக மேலே கிளம்பினாள்.

நீர்க்காக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே போனால் முள் விஷம் செய்யாததைக் காற்று செய்துவிடும். நுரையீரல் கிழியும், ரத்தத்தில் குமிழி கட்டும். எட்டி நாத்தனாரின் காலைப் பிடித்தாள். உதை ஒன்று தாடையில் விழுந்தது. விடவில்லை. தோள்பட்டியைப் பற்றி, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, உள்ளங்கையை விரித்து மெல்ல மெல்ல இறக்கிக் காட்டினாள். என்னைப் பார். மூச்சு விடு. என்னை மட்டும் பார். டாக்டர் தலையை வெடுக் வெடுக்கென்று ஆட்டினாள். பிறகு மறு கையால் அண்ணியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கயிற்றோடு மெதுவாக ஏறினார்கள். மேலே படகின் அடிப்பகுதி தெரிந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்று, ரத்தத்தில் கரைந்த காற்று வடிந்த பிறகுதான் வெளியே போக வேண்டும். வலியில் டாக்டர் இரண்டு ஆள் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். காற்றுமானியைப் பார்த்தபோது அவள் சிலிண்டர் கிட்டத்தட்டக் காலி. நீர்க்காக்கா தன் சிலிண்டரில் கூடுதலாக இருந்த காற்றுக் குழாயை அவள் வாயில் செருகினாள். ஒரே சிலிண்டரை இரண்டு பேர் உறிஞ்ச, வெளிச்சத்துக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றபடி காத்திருந்தது போல நீர்க்காக்கா வாழ்நாளில் எதற்கும் காத்திருந்ததில்லை.

படகில் ஏற்றியதும் டாக்டர் அலறினாள். கை கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை வீங்கிச் சிவந்திருந்தது.

"வெந்நீர்! ஃபிளாஸ்க்கை எடுங்க, சீக்கிரம்!" என்று நீர்க்காக்கா கணவனிடம் கத்தினாள்.

கணவன் காலி ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினான். "அதுல... நான் டீ போட்டுக் குடிச்சிட்டேன்."

அவனைத் திட்ட அவளுக்கு நேரமில்லை. "எஞ்சினைப் போடுங்க. பின்னாடி புகையோட துப்புற தண்ணி சுடும்ல? வாளியைப் பிடிங்க!"

அவன் பாய்ந்து போய்ப் பிடித்தான். முதல் வாளி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. எஞ்சினை முறுக்கி இன்னொரு வாளி பிடித்தான். நீர்க்காக்கா முதலில் தன் கையை விட்டுப் பார்த்தாள். பொறுக்கிற சூடு. அப்புறம்தான் நாத்தனாரின் கையை முக்கினாள். ஆற ஆற அவன் மாற்றிக்கொண்டே இருந்தான்.

"மூச்சு முட்டுதா? தொண்டை அடைக்குதா?"

"இல்லண்ணி... கையை மட்டும் வெட்டி எறிஞ்சிடலாம் போல இருக்கு. சூடு விஷத்தை முறிக்கும். எடுத்துடாதீங்க."

கரையை நோக்கிப் பாதி தூரம் வந்தபோது அலறல் முனகலாயிற்று. அப்போதுதான் கணவன் சுக்கானைப் பிடித்தபடியே குரலைத் தாழ்த்தினான்.

"கீழ நிறைய இருக்கா?"

"மேடு பூரா அதுதான்."

அவன் சுக்கானை ஒரு பக்கம் ஒடித்து நேராக்கினான். பிறகு, "ரெண்டு மூணு இருந்துச்சுன்னு சொல்லேன். மேட்டை மூடிட்டா நாம மட்டும் இல்ல, அத்தனை வீடும் என்னைத்தான் திட்டும். உன் ஒரு வார்த்தை" என்றான்.

நீர்க்காக்கா வாளியில் கையை விட்டுச் சூடு பார்த்தாள். மடியில் தலை வைத்துக் கிடந்த நாத்தனார் கண்ணைத் திறக்காமலே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது, அவள் பிடி இறுகியதிலிருந்து தெரிந்தது.

படகுத்துறையில் கூட்டம் காத்திருந்தது. டாக்டரை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றியதும் எல்லோரும் நீர்க்காக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"மேட்டுல அதுதான் இருக்கு. எண்ண முடியல. நம்ம குஞ்சு ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு. அதையும் என் கண்ணு முன்னாடியே முழுங்கிடுச்சு."

"நாத்தனாருக்கு ஒத்து ஊதுறா!" என்று ஒருவன் கத்தினான். "வீட்டுக்குள்ளயே பேசி வெச்சுட்டு வந்திருக்காங்க!"

அதுதான் கணவனைச் சுட்டுவிட்டது போலிருக்கிறது. மீன் இருந்த பிளாஸ்டிக் குழாயை அவளிடமிருந்து பிடுங்கி ஐஸ் மேசையில் கவிழ்த்தான். கம்பி வெட்டும் கத்தரியால் முட்களை ஒவ்வொன்றாக நறுக்கி எறிந்தான். வயிற்றைக் கீறினான். விரல் நீளத்தில் கலவா மீன் குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. அடுத்ததைக் கீறினான். அதிலும் அதே.

"யாரு வலையில வர வேண்டியது இது?" என்றான், கத்தியவனைப் பார்த்து. "சொல்லுடா. யாரு வலையில?"

இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். தலைவர் குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டில் அந்தப் பருவம் வலை போடுவதில்லை என்று முடிவாயிற்று. மனமில்லாமல்தான். மறுநாள் ஈட்டியோடு போன முதல் படகு அவள் கணவனுடையது. டாக்டரின் கட்டைவிரல் நுனி பல வாரம் மரத்தே கிடந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவள் அண்ணியைக் கூப்பிடுவாள், அண்ணி கிண்டல் பண்ணிக்கொண்டே போட்டுவிடுவாள்.

பாறை விளிம்பை மறுபடி மறுபடி இறங்கிச் சுத்தம் செய்தார்கள். குஞ்சுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டின. ஒருநாள் கூடை நிறைந்த பிறகு நீர்க்காக்கா மேட்டின் சரிவோரம் போய்க் கீழே விளக்கை அடித்தாள். மனிதர் இறங்க முடியாத ஆழம். வெளிச்சம் தேய்ந்து முடிகிற இடத்தில், சிவப்பும் வெள்ளையுமாக, அவசரமே இல்லாமல் சிங்க மீன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் விளக்கை அணைத்துவிட்டுக் கயிற்றைத் தேடிப் பிடித்தாள்.