மூணு மீஹூன், மூணு ஃபண்ட்

லியனார்டுக்கு ஐம்பத்தேழு வயசாகிவிட்டது, இன்னும் ஒரே ஒரு வார்த்தை மட்டும் வாயில் வந்ததில்லை. மலாய் வரும், இங்கிலீஷ் வரும், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரிக்காரர்களிடம் ஹொக்கியன் சீனத்தில் திட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்கவும் வரும். ஆனால் ஒருத்தர் முகத்தைப் பார்த்து ‘வேணாம்’ என்று சொல்லச் சொன்னால் போச்சு, மனுஷனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கதவைத் தட்டி வாக்குவம் கிளீனர் விற்க வந்தவனை உள்ளே கூப்பிட்டு, மைலோ கலக்கிக் கொடுத்து, ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்தவர் அவர். இத்தனைக்கும் அந்த வீட்டில் கார்பெட்டே கிடையாது.

அப்படிப்பட்டவரிடம் போய் அவர் மனைவி வெரோனிகா ஒரு வேலையை ஒப்படைத்தாள் பாருங்கள், அவளைச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். அன்பியம் என்றால் ஒரே வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, சாப்பிட்டு, நாலு வம்பும் பேசிவிட்டுப் போவது. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டு வர வேண்டும். “யாரு என்ன கொண்டு வராங்கன்னு நீங்க பார்த்துக்குங்க. கோழிக்கறி நான் செய்றேன். எனக்கு டியூட்டி இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்று பேர் போன் செய்தார்கள். மூன்று பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “மீஹூன் கொண்டு வரவா?” மீஹூன் என்றால் மெல்லிசான அரிசி நூடுல்ஸ்.

“தாராளமா,” என்றார் லியனார்ட். மூன்று பேரிடமும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து மூடியைத் திறந்தால், மேசை முழுக்க மீஹூன். திமோத்தி கொண்டு வந்தது சிங்கப்பூர் மீஹூனாம். திமோத்தி லியனார்டோடு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவன், இப்போது கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. பெர்னிஸ் கொண்டு வந்தது மீஹூன் சியாம், தாய்லாந்து வகையாம். அவள் வெரோனிகாவின் சொந்தத் தங்கச்சி, அவள் வாய்க்குப் பூட்டுப் போட இன்னும் ஆள் பிறக்கவில்லை. எதிர்வீட்டு ரமணி சாமி கும்பிடுகிற இந்துப் பெண், ஆனாலும் அன்பியம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். அவள் கொண்டு வந்தது சைவ மீஹூன். இந்தப் பக்கம் ஒருத்தர் கொண்டு வந்த வெள்ளரிக்காய் தவிர, மற்றபடி ஒரு பருக்கை சோறு கிடையாது.

“ஒருத்தர்கிட்டயாவது மீஹூன் வேணாம்னு சொல்லக்கூடாதா?” வெரோனிகா பல்லைக் கடித்துக்கொண்டு காதில் சொன்னாள்.

“ஆசையா கேட்டாங்க வெரோ, எப்படிச் சொல்றது?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு கோழிக்கறிச் சட்டியைத் தூக்கி வந்தாள். மூட்டு வலியில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். விடியக் காலையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்துப் போய், நாள் முழுக்க நோயாளிகள் பக்கத்தில் நின்று, திரும்பி வரும்போது ரயிலிலும் நின்றே வருவாள். வருகிற ஆகஸ்டோடு வேலையிலிருந்து நின்றுவிடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு முழுக்க லியனார்டின் ஒரே ஒரு வாக்கில்தான் நின்றது. “ஈபிஎஃப் சேமிப்புல இருந்து எடுத்து மூணு ஃபண்ட்ல பிரிச்சுப் போட்டிருக்கேன். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கும். நீ தைரியமா நில்லு.”

ஆனால் அவர் மனசில் ஒரு முள் கிடந்தது. போன வருஷம் மார்க்கெட் விழுந்தபோது மூன்று ஃபண்டும் ஒரே நாளில் சேர்ந்து விழுந்தன, ஒன்றுகூட ஒன்றைத் தாங்கவில்லை. பிறகு ஏறிவிட்டது என்பதால் அவர் வெரோனிகாவிடம் மூச்சு விடவில்லை.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். திமோத்தி ஒரு வாய் மீஹூனை விழுங்கிவிட்டுப் பெருமையாக ஆரம்பித்தான். “லியோ, நம்ம ஃபண்டப் பார்த்தியா? நல்லா ஏறிக்கிட்டு இருக்கு லா.”

பெர்னிஸ் தட்டைக் கீழே வைத்தாள். “எந்த ஃபண்டு? அத்தான் ஃபண்டு என்கிட்டதானே எடுத்தாரு?”

“ஐயையோ,” என்றாள் ரமணி, அப்பாவியாக. “அண்ணே என்கிட்டயும் எடுத்தாரே!”

கோழிக்கறி வாயில் இருந்தபடியே லியனார்டுக்கு விக்கல் வந்துவிட்டது. விஷயம் இதுதான். மூன்று பேருமே பகுதிநேரமாக யூனிட் டிரஸ்ட், அதாவது பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்கிற ஃபண்டு, விற்கிற ஏஜெண்டுகள், மூன்று பேரும் வெவ்வேறு கம்பெனி. மூன்று பேரும் தனித்தனியாக வந்து கேட்டார்கள், அவரும் மூன்று பேரிடமும் தலையாட்டிவிட்டார். ஒருத்தரிடம் எடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கமிஷன் வேறு போயிருக்கிறது.

“அதுல என்ன?” என்று சமாளித்தார் லியனார்ட். “திமோத்திது உலக இண்டெக்ஸ், எல்லா நாட்டுப் பெரிய கம்பெனியும். பெர்னிஸ்து அமெரிக்காவோட பெரிய ஐந்நூறு கம்பெனி. ரமணிது டெக்னாலஜி. மூணும் வேற வேற.”

வெரோனிகா கரண்டியைக் கீழே வைத்தாள். நர்ஸ் குரல் வந்துவிட்டது, அந்தக் குரலுக்கு டாக்டர்களே அடங்குவார்கள். “போனை எடுங்க மூணு பேரும். உள்ள என்ன கம்பெனி இருக்குன்னு மேல இருந்து ஒவ்வொண்ணா படிங்க. அதே இருந்தா அதேன்னு சொல்லுங்க.”

“என்விடியா,” என்றான் திமோத்தி.

“அதே,” என்றாள் பெர்னிஸ். “அதே அக்கா,” என்றாள் ரமணி.

“ஆப்பிள்.”

“அதே.” “அதே அக்கா.”

“மைக்ரோசாப்ட்.”

கோயிலில் மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்கிற மாதிரி ‘அதே, அதே’ என்று போய்க்கொண்டே இருந்தது. வரிசை கொஞ்சம் முன்னே பின்னே மாறியதே தவிர, ஆட்கள் மாறவில்லை. மேல் பத்தில் முக்கால்வாசி ஒன்றுதான். ரமணி தன் போனைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், பிறகு மெல்லச் சொன்னாள். “அக்கா, இதுவும் மூணு மீஹூன்தான் போல.”

அறையே சிரித்துக் குலுங்கியது. வெரோனிகாவும்தான் சிரித்தாள், கண்ணில் தண்ணி வருகிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடித்து, காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். லியனார்ட் பின்னாலேயே போனார்.

“சரி விடுங்க,” என்றாள் அவள், குழாயைத் திறந்துகொண்டே. கோபமே இல்லை. “ஆகஸ்ட்ல நிக்கல. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுறேன். எல்லாம் ஒரே இடத்துல கிடக்கறப்ப எந்த தைரியத்துல நிக்கிறது?”

அவள் திட்டியிருந்தால் தேவலை. லியனார்ட் மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு வருஷம். அந்த முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் கொமுட்டரில் நிற்பாள், அதுவும் எதற்காக? அடுத்தவர் முகம் கோணக்கூடாது என்று தான் ஆட்டிய தலைக்காக. அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கையைக்கூடக் கழுவாமல் ஹாலுக்குத் திரும்பினார். “திமோத்தி, உண்மையைச் சொல்லு. இதுல எதை வச்சுக்கிட்டாப் போதும்?”

திமோத்தி தலையைச் சொறிந்தான். “உலகத்துக்குள்ள அமெரிக்காவும் இருக்கு, அமெரிக்காவுக்குள்ள டெக்னாலஜியும் இருக்கு. என்னோடதை வச்சிக்கிட்டா மத்த ரெண்டும் ஏற்கனவே உள்ள இருக்கு லா. செலவும் அதுலதான் குறைச்சல். நான் ஏஜெண்டா சொல்லல, வேணும்னா பெர்னிஸையே கேளு.”

பெர்னிஸ் மறுக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

“அண்ணே, என்னோடதை எடுத்துடுங்க, எனக்கொண்ணும் வருத்தமில்ல,” என்றாள் ரமணி. “எங்க கம்பெனில பாண்ட் ஃபண்டு இருக்கு. அரசாங்கத்துக்கும் பெரிய கம்பெனிக்கும் கடன் கொடுத்து வட்டி வாங்குறது. மெதுவாத்தான் ஏறும்.”

“அதுக்குள்ள ஆப்பிள் இருக்கா?”

“ஷேர் ஒண்ணுகூட இல்லண்ணே.”

“அதுல போடு.”

எல்லாரும் பெர்னிஸைப் பார்த்தார்கள். அவள் நாற்காலியை இழுத்து அத்தானுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். “அத்தான், என்னோடது அப்படியே இருக்கட்டும். இருந்தா என்ன, உங்களைக் கடிக்குதா? அதோட இந்த மாசம் கொஞ்சம் கூடப் போடுங்க. என் விற்பனை டார்கெட்டுக்கு இன்னும் ஒரே ஒரு கேஸ்தான் குறையுது, போட்டா கம்பெனி செலவுல பாலித் தீவுக்குக் கூட்டிட்டுப் போகுது. எனக்காக அத்தான்.”

“பெர்னிஸ்...”

“உங்க கல்யாணத்துல பொண்ணுத் தோழி இல்லாம தவிச்சப்ப யாரு நின்னா? நான்தானே? பத்து வயசுல ஹீல்ஸ் போட்டுக்கிட்டு நின்னேன்!”

லியனார்டின் நாக்கு வழக்கமான இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ‘சரிம்மா’ உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. அடுக்களையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. அங்கே ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

“வேணாம்,” என்றார்.

“என்னது?”

“வேணாம் பெர்னிஸ்.” இரண்டாவது தடவை சுலபமாக வந்தது. “உன்னோடதை எடுத்துடறேன். நீ கோச்சுக்கோ, ஒரு மாசம் பேசாம இரு, பரவாயில்ல. உன் அக்கா ஆகஸ்ட்ல வேலை நிக்கணும். வேணாம்.”

பெர்னிஸ் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். திமோத்தி கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. பிறகு பெர்னிஸ் மெதுவாகத் தலையை ஆட்டி, “அடப்பாவி அத்தான், இத்தனை வருஷமா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்றாள். கோபத்தில் ஆரம்பித்தது சிரிப்பில் போய் முடிந்தது, அவளாலேயே தடுக்க முடியவில்லை.

அதற்குள் அடுக்களையில் வெரோனிகா டயாலிசிஸ் சென்டரின் தலைமை நர்ஸிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரல் வாசல் வரைக்கும் கேட்டது.

“சிஸ்டர், ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க. ஆகஸ்டோட நான் நின்னுடுறேன். ஆமா, கண்டிப்பா. இல்ல சிஸ்டர், பணம் ஏத்தம் இறக்கமாத்தான் இருக்கும். ஆனா எங்க வீட்டுக்காரர் இப்ப என் தங்கச்சிகிட்டயே வேணாம்னு சொல்லிட்டாரு. இனிமே எனக்கென்ன பயம்?”