ஆடினால் இந்தி

பெத்தணனுக்கு ஒரே ஓர் இந்திப் பாட்டு தெரியும். அர்த்தம் தெரியாது. மொக்கைச்சாமியின் டீக்கடை ரேடியோவில் சாயங்காலங்களில் அது வரும். கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டான்.

காரியாபட்டிப் பக்கத்துக் காட்டையும் வீட்டையும் விட்டுவிட்டு, சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் லேபிள் பிரிவில் சேர்ந்து இரண்டு வருஷம். வாடகை அறையில் பேச ஆள் கிடையாது. பாட்டுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் பாடினான்.

ஒருநாள் சாத்தூர் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டு வந்தபோது, பக்கத்தில் இருந்த பழைய பட்டாளத்துக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இந்தியில க-வுல நாலு இருக்கு தம்பி. ரெண்டாவதுல காத்து வரணும். வாய்க்கு முன்னால பேப்பரைப் புடிச்சுப் பாடும். ஆடுனா இந்தி. ஆடலைன்னா தமிழ்."

அன்றிலிருந்து வெடிக்கட்டு லேபிள் ஒன்றை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பாடினான். லேபிளில் யானைப் படம். யானையை அசைப்பது முதலில் சிரமமாகத்தான் இருந்தது. கார்த்திகை போய்ப் பங்குனி வந்தபோது, வேண்டிய இடத்தில் அசைந்து, வேண்டாத இடத்தில் நின்றது.

"என்னலே, இளைப்பா?" என்றார், அவன் லேபிளில் மூச்சு விடுவதைப் பார்த்த மொக்கைச்சாமி. "ஆடாதொடை கசாயம் குடி."

"இந்தி, அண்ணாச்சி."

"அதுக்கும் கேக்கும். குடி."

சரி என்று சொல்லவும் ஊரில் ஆள் இல்லை. தப்பு என்று சொல்லவும் இல்லை. இந்தி பேசுகிற ஒரே ஒருவர் கேட்டு, சரி என்று தலையாட்டிவிட்டால் போதும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

தீபாவளி சீசனுக்கு ஆர்டர் கொடுக்கப் பாட்னாவிலிருந்து ஏஜெண்டு கிஷன்லால் வந்தார். லாட்ஜில் தங்கி ஒரு மாதமாக எல்லோரிடமும் விரலைக் காட்டியே வாழ்க்கை நடத்தினார். ஒரு சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பெத்தணன் எதிரே போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பாட்டு முழுவதையும் பாடினான்.

கிஷன்லால் டம்ளரைக் கீழே வைத்தார். விரலைக் காட்டி இன்னொரு டீ வரவழைத்து, அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

பெத்தணன் தலையாட்டினான். அவர் இன்னும் பேசினார். இடுப்பு உயரத்துக்குக் கையைக் காட்டி ஏதோ சொன்னார், குழந்தையாக இருக்கலாம். கண்ணைத் துடைத்தார். நடுவே சிரித்தார், இவனும் சிரித்தான். தெரியாது என்று சொல்ல வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின.

கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. பதிலுக்குக் காத்திருந்தார்.

பெத்தணனிடம் பாட்டின் முதல் வரி இருந்தது. மெதுவாக, ஒரு காற்றும் பிசகாமல், அதைச் சொன்னான்.

கிஷன்லால் அவனையே பார்த்தார். அவன் கையை விட்டார். இரண்டு டீக்கும் காசு வைத்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டி, லாட்ஜுப் பக்கம் நடந்தார். கூப்பிட்டு நிறுத்தலாம் என்று பெத்தணனுக்குத் தோன்றியது. 'போகாதீங்க' என்ற சொல் அந்தப் பாட்டுக்குள் எங்கேயாவது இருக்கலாம். எது என்றுதான் தெரியவில்லை.

"என்னலே சொன்னாரு?" என்றார் மொக்கைச்சாமி.

"உச்சரிப்பு ரொம்பச் சரியாம்."

"அம்புட்டு நேரமுமா அதையே சொன்னாரு?"

"ஆமா, அண்ணாச்சி."