நான்கு ரப்பர் கிண்ணங்களின் மேல் ஒன்பது அடிப் பலகை

1

இந்தக் கதை எனக்குக் காரின் பின்சீட்டில் கிடைத்தது, கண்ணுகளா. இடது கை ஜன்னலுக்கு வெளியே. கையில் ஒரு நாடா. அதன் மறுமுனை காரின் மேலே கிடக்கும் சர்ஃபிங் பலகையின் வாலில். மடியில் சூடு ஆறாத அமக்வின்யா, அதாவது எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைப் பை, எண்ணெய் கசிந்து பாவாடையில் இறங்குகிறது. இப்படி உட்கார்ந்துகொண்டு ஒருத்தி எப்படி நல்ல முதல் வாக்கியம் யோசிப்பாள்?

'கடல் அன்று காலையில் வெள்ளித் தகடு போல'

வேண்டாம். கடலை யார் பார்த்தது? சண்டையைத்தான் பார்த்தேன்.

'சோலேகா ஒரு வீராங்கனை.' [அடித்துவிட்டேன். என் பக்கத்து வீட்டுக்காரி; மருந்துக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் அவள். மிச்ச நேரத்தில்தான் அலைமேல் நிற்பாள்.]

2

சரி, நடந்ததையே சொல்கிறேன். மாகாண சர்ஃபிங் அணியில் ஒரே ஓர் இடம் காலி. ஒன்பது மணிக்குள் ஜெஃப்ரீஸ் பே கடற்கரையில் சோலேகா தன் பலகையோடு போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். முந்தின வருடம் காய்ச்சல், போன வருடம் பஸ் பழுது. இந்த முறையும் தவறினால் இனிக் கடலுக்கே போவதில்லை என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

பலகை காருக்குள் நுழையாது. அவள் கணவன் லுயாண்டாவின் புதுச் சிவப்புக் காருக்கு மேலே கம்பிகள் கிடையாது. துளை போடக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, பெயின்ட் கீறிவிடும். அதற்காக அவன் வாங்கி வந்ததுதான் இந்தச் சனியன்: காரின் கூரையில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் நான்கு ரப்பர் கிண்ணங்கள், அவற்றின் மேல் இரண்டு தண்டுகள். கிண்ணத்துக்கு ஒரு பம்ப். பிடி தளர்ந்தால் பம்ப்பில் சிவப்புக் கோடு தெரியும்.

"நாலே நாலு கிண்ணம். அமுக்கினா மலையையே தூக்கிட்டுப் போகலாம்," என்றான்.

"மலை வேணாம்ப்பா. என் பலகை போய்ச் சேந்தா போதும்."

"ஒரு கீறல் விழாது, பாரு."

"தெரியுமே. மூத்த பொண்டாட்டி இந்தக் கார்தான. நான் ரெண்டாவதுதான."

3

லுயாண்டாவை நீங்கள் நம்பமாட்டீர்களோ என்று எனக்குக் கவலை. இவ்வளவு பிடிவாதமா? கொஞ்சம் நல்லவனாக எழுதிப் பார்த்தேன். 'லுயாண்டா பொறுமையாக இறங்கி, தன் தவறை உணர்ந்து'

உணர்ந்தானாம்! மூன்று தடவை சிவப்புக் கோடு தெரிந்தது. மூன்று தடவையும் இறங்கினான், அமுக்கினான், ஏறினான்.

"நேத்து ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக் கழுவினேன்!"

"பின்ன ஏன் கழலுது?"

"காத்து."

"உன் வாயிலேருந்து வருதே, அந்தக் காத்தா?"

"மாட்லோமோ, நீங்களே கேளுங்க இவள!" என்று என் குலப்பெயரைச் சொல்லி என்னையும் இழுத்தான்.

இரண்டாவது தடவை நின்றபோதே சோலேகா, அலையில் பலகை தொலையாமல் காலில் கட்டிக்கொள்ளும் நாடாவை என் கையில் திணித்திருந்தாள். "இதப் பிடிச்சுக்கங்க அம்மா. பறந்தா நீங்களும் சேந்து பறக்காதீங்க."

4

[இதை அடிக்குறிப்பில் ஒளித்துவிடலாம் என்று பார்த்தேன். உங்களிடம் மனம் வரவில்லை.]

ஏன் கழல்கிறது என்று எனக்குத் தெரியும். சோலேகா கடலிலிருந்து வந்ததும் பலகையைக் காரின் மேல் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். கால் வழுக்காமல் இருக்கப் பூசும் மெழுகு இருக்கிறதே, அது வெயிலில் உருகிக் கூரையில் படியும். ஆறிய குழம்பின்மேல் கொழுப்பு படிகிற மாதிரி. சோப்புக்கெல்லாம் அது போகாது. தினமும் என் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் "என் கார் மேலயா!" என்று அவன் குதிப்பான், சண்டையிலேயே ஒன்பது மணி ஆகிவிடும். அது ஒரு காரணம். இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது: சிவப்புக் கோடு இல்லாவிட்டால் எனக்குக் கதை இல்லை.

கயிறு இருந்தால் கதவு வழியாகச் சுற்றி ஐந்து நிமிடத்தில் கட்டிவிடலாமே என்கிறீர்களா? இருக்கிறது. என் துணி காயப்போடும் கயிறு. அவனுக்குத் தெரியாமல் கொண்டுவந்து அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

5

மணி எட்டு இருபத்தைந்து. எதிரே கம்டூஸ் ஆற்றுப் பாலம். அங்கே காற்று லாரியையே ஒதுக்கித் தள்ளும். நாலாவது தடவையாகச் சிவப்புக் கோடு.

முதல் முடிவு: மெழுகைப் பற்றிச் சொல்கிறேன். சுரண்டித் துடைக்க அரை மணி. பலகை பிழைக்கும், ஒன்பது மணி பிழைக்காது.

இரண்டாவது முடிவு: வாயை மூடிக்கொள்கிறேன். பாலத்தின் நடுவில் பலகை மெல்ல

முடியாது. அந்த வாக்கியத்தை நான் எழுதமாட்டேன்.

பாலத்துக்கு முன்னால் லுயாண்டா தானாகவே காரை ஓரம் கட்டினான். சோலேகா மணியைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கைத் தடவினான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"மாட்லோமோ, கிளம்பினதுலேருந்து ஒரு பக்கமா சாஞ்சே உக்காந்திருக்கீங்களே. அடியில என்ன?"

அவன் கேட்ட குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா? காற்றில் சரியாகக் கேட்கவில்லை. நான் எழுந்துதான் கயிற்றைக் காட்ட வேண்டும். ஆனால் கை மரத்துவிட்டது, கண்ணுகளா. இந்த நாடாவைக் கொஞ்சம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிடாதீர்கள்.