ஜோப் எப்படிச் சொன்னான்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் தொடங்கியது. தூத்துக்குடியில் சின்னப் பத்திரிகை ஒன்றை நடத்தி, அச்சகத்துக்காரரைக் கண்டால் சந்து மாறிப் போகும் என் நண்பன் செல்வின், ஒருநாள் போன் செய்தான்.

"ஏல, நீ அந்தக் காம்பியாவுலதான இருக்க? இருபத்திரண்டு வருசம் ஆண்டவரு தேர்தல்ல தோத்துட்டாராம்லா. சனம் என்ன பேசுதுன்னு ஆயிரத்தைந்நூறு வார்த்தையில எழுதி அனுப்பு. கலகலன்னு இருக்கணும், கேட்டியா?"

அது நடந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. செல்வின் இப்போது கேட்பதை விட்டுவிட்டான். கட்டுரை ஏன் நகரவில்லை என்றால், நடுவில் ஒருவன் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு வினைச்சொல் போடவேண்டும். "என்றான்" என்று போடலாம், ஆனால் எப்படி என்றான்? இதைப் படிக்கும் நீங்கள் கடைசியில் எனக்கு அங்கேதான் உதவ வேண்டியிருக்கும். இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு ஏமாற்றினான் என்று சொல்லக்கூடாது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

[காம்பியாவில் ஓட்டு என்பது ஒரு கோலிக்குண்டு. கட்சிக்கொரு வர்ணத்தில் தகர டிரம் இருக்கும். துளை வழியே குண்டைப் போட்டால் உள்ளே மணி ஒருமுறை அடிக்கும். இரண்டு முறை அடித்தால் கள்ள ஓட்டு. அன்றைக்கு வாக்குச்சாவடிப் பக்கம் சைக்கிள்கூடப் போகக்கூடாது, ஏனென்றால் சைக்கிளுக்கும்]

செல்வினுக்கு இது ரொம்பப் பிடித்திருக்கும். அதனால்தான் வெட்டினேன். வெளியூரிலிருந்து எழுதிய அத்தனை பேரும் கோலிக்குண்டைத்தான் எழுதினார்கள். குண்டைப் போட்ட கையை எவரும் எழுதவில்லை.

3

இரண்டாவது தொடக்கம். டிசம்பர் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. முடிவு வந்தபோது என் கடை இருக்கும் செரெகுண்டாவில் யாரும் கத்தவில்லை. முதலில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் இங்கே முந்திரிக்கொட்டை வாங்க வந்து, அதில் கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு ஸ்விட்ச்சும் ஒயரும் மின்விசிறியும் விற்று உட்கார்ந்துவிட்டவன். அப்போதே பத்தொன்பது வருடமாக என் பெயர் 'இந்தியா'. என் கடைக்கு எதிரே பயறு ரொட்டி விற்பவள் கரண்டியைத் தூக்கியபடி ரேடியோவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெயில் கிடந்தது கருகிப்போயிற்று.

தோற்றவரே தொலைக்காட்சியில் ஜெயித்தவரைப் போனில் வாழ்த்தினார் என்று தெரிந்த பிறகுதான் தெரு வெடித்தது. டாக்சிகள் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. முந்தின நாள்வரை ஆளுங்கட்சியின் பச்சைச் சட்டையில் கோஷம் போட்ட ஆள், அதே சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் ஆடினான். "நான் போட்ட குண்டுதான்டா!" என்று ஆளாளுக்கு மார்தட்டினார்கள். பத்தொன்பது வருடத்தில் தெருவில் அதிபர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கேட்டிராத எனக்கு, அன்று ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை கேட்டது. கேட்டவுடன் பழக்கதோஷத்தில் கடைக்கதவைப் பார்த்தேன்.

*அதிபர் படம் எல்லாக் கடையிலும் மாட்டியிருக்கும். மாட்டச்சொல்லிச் சட்டம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டு மாட்டுவதைவிடக் கேட்காமல் மாட்டுவது சுலபம்.*

என் கடைப் படத்தை நான் இறக்கினேன். உடைக்கவில்லை. கட்டிலுக்கடியில் குப்புறப் போட்டேன். வியாபாரிக்கு எதையும் வீசக் கைவராது.

4

இனி கும்பா. அவளைப் பற்றி எழுதும்போது மட்டும் என் எழுத்து நொண்டுகிறது.

கும்பா இஞ்சாய், என் பக்கத்துக் கடை. படத்துக்குச் சட்டம் போடுகிறவள். இந்தத் தெருவில் தொங்கிய அதிபர்கள் முக்கால்வாசிப் பேர் அவள் அறுத்த மரத்துக்குள் இருந்தவர்கள்தான். அவள் கணவன் ஹபீப், ரேடியோவில் செய்தி வாசித்தவன். ஒருநாள் அதிபரின் பெயருக்கு முன்னால் உள்ள பட்டங்களை எல்லாம் வரிசையாக வாசித்து முடித்து, மைக்கிலேயே "அப்பாடி, மூச்சு வாங்குது" என்றான். மறுநாள் சாதாரண உடையில் இரண்டுபேர் வந்து, ஒரு விசாரணை என்று கூட்டிப்போனார்கள். ஏழு வருடம் ஆகியிருந்தது.

செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. இங்கே ஒருவர் இறந்துபோனால் மூன்றாம் நாள், எட்டாம் நாள், நாற்பதாம் நாள் என்று சோறு போட்டு அவருக்காகத் துஆ கேட்பார்கள். கும்பா எதுவும் போடவில்லை. போட்டால் அவனை அவளே கொன்ற மாதிரி. மாமியார் வீட்டில் திட்டினார்கள். மறுமணம் பேசி வந்தவர்களை அவள் "என் புருசன் வெளிய போயிருக்காரு" என்று சொல்லி அனுப்பினாள்.

[அவள் கண்களில் ஒரு காத்திருப்பு] வேண்டாம். அவள் கண்களில் பெரும்பாலும் மரத்தூள்தான் இருந்தது.

அவள் கடைச் சுவரில் மாட்டிய சட்டத்தில் ஒரு சங்கதி உண்டு. முன்பக்கம் அதிபர், முதுகுப்பக்கம் ஹபீப். ஒரே கண்ணாடிக்குள் முதுகோடு முதுகாக இருவர். ஒருமுறை கண்ணாடி விரிசல்விட்டு நான் பிடித்துக்கொடுக்கப் போனதால் எனக்கு மட்டும் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை தெருவே ஆடிக்கொண்டிருக்கையில் அவள் ஆடவில்லை. ஸ்டூலில் ஏறி, சட்டத்தைத் திருப்பி மாட்டினாள். இறங்கி நின்று பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தியா, நேரா இருக்கா பாரு."

"இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு."

"அவரு எப்பவுமே அப்பிடித்தான் நிப்பாரு. இருக்கட்டும்."

அன்று எனக்கு அழுகை வந்தது. இதை இலக்கியமாக்க எனக்குத் தெரியவில்லை, வந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

5

எட்டாம் நாள் தோற்றவர் திரும்பத் தொலைக்காட்சியில் வந்து, முடிவை ஏற்கமாட்டேன் என்றார்.

கலகலப்பு கேட்டானே செல்வின், இதோ. மறுநாள் காலை கும்பா கடையில் கூட்டம் ரேஷன் கடை மாதிரி நின்றது. போன வாரம் "அந்த மூஞ்சியக் கழட்டிட்டு மக்கா படம் போடு" என்று சட்டத்தைக் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"கும்பா, அந்த மூஞ்சியத் தூக்கிப் போட்டுட்டியா?"

"நீதான போடச் சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்? மெல்லப் பேசு தாயி! தொடச்சுக் குடுன்னுதான் சொன்னேன்."

உள்பக்கம் திருப்பிய சட்டைக்காரன் சட்டையை நேராகப் போட்டு வந்திருந்தான். "நான் போன வாரம் ஆடல, கூட்டம் தள்ளுச்சு" என்றான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நானும் கட்டிலுக்கடியில் கையை விட்டேன். படத்தைத் துடைத்து மாட்டினேன். முன்பிருந்ததைவிட நாலு விரல் உயரமாகவே மாட்டினேன்.

பிறகு கும்பாவிடம் போய்ச் சொன்னேன். "திருப்பிப் போட்டுரு கும்பா. நாலு நாள்தான். ஹபீபுக்கும் இது ஒண்ணும் புதுசில்லையே."

அவள் வாயில் ஆணி இருந்தது. எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஏழு வருசம் அவரு முகத்த நானே சுவத்துப் பக்கமா நிறுத்தி வச்சேன். இனி என் கையால திருப்பமாட்டேன். அவங்க வந்து திருப்பட்டும்."

6

அன்றே காலை பத்து மணிக்கு, அவர்களில் ஒருவன் வந்தான். திஜான் ஜோப், எங்கள் வட்டாரக் கான்ஸ்டபிள்.

இங்கே ஒரு வழக்கம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதையே இல்லை. இஞ்சாய் வம்சத்துக்கும் ஜோப் வம்சத்துக்கும் கேலி உறவு. நம்மூரில் மாமன் மச்சான் வாரிக்கொள்வதை ஒரு தேசம் முழுக்க விரித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் பெயரைச் சொன்னதும் ஆரம்பித்துவிடுவார்கள். அடிமை என்பார்கள், திருடன் என்பார்கள். ஜோப் என்றால் சோறுதின்னி, இதுதான் நிரந்தரக் கேலி. கோபப்படக்கூடாது. அங்கே சொன்னது எதுவும் சொன்னதாகக் கணக்கில்லை. ஹபீபுக்கும் அதிபருக்கும் இப்படி ஓர் உறவு இருந்திருந்தால் அவன் இன்றும் செய்தி வாசித்துக்கொண்டிருப்பான் என்று கும்பா சொல்வாள்.

ஜோப் முதலில் என் கடை வாசலில் நின்றான். என் சுவரைப் பார்த்தான். பிறகு அவள் கடைக்குள் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"என் அடிமை இஞ்சாய் எங்க? எஜமான் வந்திருக்கான், பாய விரி!"

"வாடா சோறுதின்னி. பானை காலி. கழுவித்தான் கவுத்து வச்சிருக்கேன், நக்கக்கூட ஒண்ணும் கிடையாது."

"உன் வீட்டுப் பானையில என்னைக்குடி இருந்துச்சு? கல்லத்தான வேகவைப்ப."

"கல்லுன்னாலும் ஜோப் மூணு தட்டு கேப்பானே!"

சிரிப்பு. கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஜோப் சுவரில் இருந்த ஹபீபை அண்ணாந்து பார்த்தான். நின்றான்.

"சுவத்துல இருந்த ராஜா இளைச்சுப் போயிட்டாரே, இஞ்சாய்."

"உன் கண்ணுல சோத்துப் பருக்கை. தொடச்சிட்டுப் பாரு."

"பாக்குறேன். ஜோப் பாத்தேன்னு சொன்னா எவன் நம்பப்போறான்? நீ எத வேணாலும் மாட்டு." வாசல் வரை போனவன் திரும்பினான். "ஏ இஞ்சாய், அந்த நாப்பதாம் நாள் சோத்த மட்டும் நீ போடவே இல்லையே. ஏழு வருசமா ஒரு ஜோப் பசியோட காத்துக் கெடக்கானே."

இதுதான் அந்த வாக்கியம்.

சோறுதின்னி சோறு கேட்டான். வழக்கப்படி இதில் பிழை ஒன்றுமில்லை. கும்பா சிரித்தாள், சிரிக்கவேண்டும் என்பது விதி. நானும் சிரித்தேன். அவன் போன பிறகுதான் அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"இந்தியா, அவன் இந்த வட்டாரத்துக்கு வந்து ரெண்டு வருசம்தானே? ஏழு வருசம்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெருவுல எல்லாருக்கும் தெரியுமே கும்பா."

"ஆமா," என்றாள். "எல்லாருக்கும் தெரியும்."

7

ஜனவரியில் பழையவர் நாட்டைவிட்டே விமானம் ஏறினார். தெரு மறுபடி ஆடியது. இரண்டாம் முறை கொண்டாடும்போது ஜனங்கள் கொஞ்சம் பார்த்துத்தான் கொண்டாடினார்கள், படங்களை உடைக்காமல் பரண்மேல் வைத்தவர்கள் அதிகம். சிறைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கும்பா வாசலில் நின்றாள். ஹபீப் வரவில்லை. ஜோப் சீருடையை மடித்து வீட்டில் வைத்துவிட்டு எல்லை தாண்டிப் போய்விட்டான். எங்கே என்று அவன் மனைவிக்கே தெரியாது.

பிறகு காணாமல்போனவர்களுக்காக விசாரணை ஒன்று ஆரம்பித்தார்கள். கும்பா வாக்குமூலம் கொடுக்கப் போனாள், நான் சாட்சி. எழுதிக்கொண்ட குமாஸ்தா இளைஞன், நல்ல மாதிரி. அந்த வாக்கியம் வந்ததும் பேனாவை நிறுத்தினான்.

"சொன்னது யாரு, ஜோப்பா? இஞ்சாய்கிட்டயா?" சிரிப்பை அடக்கிப்பார்த்தான், முடியவில்லை. "அக்கா, மன்னிச்சுக்குங்க. நானும் ஜோப்தான். நாங்க சோறு கேக்காத நாள் உண்டா? இத எப்பிடிக்கா சாட்சியா எழுதுறது?" பிறகு என்னைப் பார்த்தான். "அவன் எப்பிடிச் சொன்னான்? சிரிச்சிக்கிட்டா? மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?"

கும்பாவும் என்னைப் பார்த்தாள்.

"சிரிச்ச மாதிரிதான்..." என்றேன்.

அவன் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, அடுத்த கேள்விக்குப் போனான்.

8

முடிவுகள் சில எழுதிப்பார்த்தேன்.

ஒன்றில், ஜோப்பின் குரல் உடைகிறது. கண் கலங்குகிறது. அவனால் நேராகச் சொல்ல முடியாத உண்மையைக் கேலிக்குள் மடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். கும்பா சோறு ஆக்குகிறாள், துஆ கேட்கிறாள், ஏழு வருடத்துக்குப் பிறகு அழுகிறாள். செல்வின் இதைப் போடுவான்.

இன்னொன்றில், அவன் பல்லைக் காட்டிக்கொண்டு சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்ன சாதாரணச் சோறுதின்னி. ஹபீப் எங்கோ ஒரு

[எங்கோ ஒரு]

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமை இல்லை.

9

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. போன வாரம் கும்பா ஓர் அரிசி மூட்டை வாங்கினாள். கடை மூலையில் நிற்கிறது, தையல் பிரிக்கவில்லை.

"நீ எழுதுறியாமே, இந்தியா. எழுது. எழுதுனா ஞாபகம் வரும்பாங்க. எனக்கு எங்க பாசையில படிச்சுக் காட்டு. அவன் கேலியா சொன்னான்னா மூட்டையப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடறேன். இல்லன்னா அந்த நாப்பதாம் நாள் சோத்துக்கு ஊறப்போடறேன். நான் அன்னைக்கு அவன் மூஞ்சியப் பாக்கல. ஹபீப் படத்தத்தான் பாத்தேன். நீதான் பக்கத்துல நின்ன."

நின்றேன். ஆனால் நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் என் கடையைத் தாண்டி அவள் கடைக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து, நம்ம சுவர் தப்பித்தது என்ற ஒரே நினைப்பில் இருந்தேன். என் சிரிப்பும் அந்த நிம்மதிச் சிரிப்புதான். "ஜோப் அண்ணாந்து பார்த்தான், நின்றான்" என்று மேலே எழுதியது, நின்றிருப்பான் என்ற ஊகம். அவன் குரல் காதில் விழுந்தது. முகம் என்னிடம் இல்லை.

நாளை மதியத் தொழுகை முடிந்ததும் அவள் கேட்க வருவாள். நீங்கள் அந்தக் கடையில் நிற்கவில்லை, நானும் பார்க்கவில்லை, ஆக அந்த முகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது சரிசமம். ஆனால் உங்களுக்குப் பயப்பட அங்கே சுவர் இல்லை. ஆறாம் பகுதியை இன்னொருமுறை படித்துப் பாருங்கள். கீழே அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதி, பின்னால் இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்புவதை நான் அவளுக்கு வாசிக்கிறேன். எழுதுமுன் ஒன்று: நீங்கள் போடும் சொல்லைக் கேட்டுத்தான் அவள் மூட்டையின் தையலைப் பிரிப்பாள்.

"ஏழு வருசமா ஒரு ஜோப் பசியோட காத்துக் கெடக்கானே," என்று அவன் ................ சொன்னான்.