கரோலின் இருக்கிற ஆஸ்பத்திரி

சிரில் தன் காலால் நடந்துதான் உள்ளே வந்தார். கையில் ஹெல்மெட், பின்னால் மனைவி ஃபேபியோலா. காலை ஒன்பதே முக்கால் இருக்கும். மராட்டிய நகரமொன்றின் கோர்படிப் பகுதியில் இருபது படுக்கை கொண்ட அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் கரோலின் பதினாறு வருடமாக நர்ஸ். சிரில் அவளுக்கு எதிர்வீடு. இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

“நேத்துத் தின்ன மட்டன் செமிக்கல. நெஞ்செரிச்சல்தான். ஒரு ஊசியப் போட்டு விடு, எனக்கு ரெண்டாவது பீரியட் இருக்கு,” என்றார் சிரில். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஜனவரிக் குளிரிலும் அவர் சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

கரோலின் அவரைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தாள். காகிதம் வெளியே வர வர அவளுக்குப் புரிந்துவிட்டது. மாரடைப்பு. டூட்டி டாக்டர் கீர்த்தி, படித்து முடித்து ஒரு வருடமே ஆன பெண், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறதா என்று இந்தியில் கேட்டாள். இல்லை. கடைசிக் குப்பியைச் சனிக்கிழமை ஒரு காய்கறிக்காரருக்குப் போட்டிருந்தார்கள். புதிது கேட்டு எழுதிக் கொடுத்து மூன்று நாளாகியும் வரவில்லை.

இருந்த மாத்திரைகளைக் கொடுத்தார்கள். கீர்த்தி பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டாள். ஓரிடத்தில் படுக்கை இல்லை. இன்னொன்றில் யாரும் பேசுவதற்கே பத்து நிமிடமானது. மூன்றாவது இடம் கூட்டிவரச் சொன்னபோது மணி பத்து இருபது. இவர்களுடைய ஒரே ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியை விடப் போயிருந்தது. வெளி ஆம்புலன்ஸும் அரைமணி நேரம் என்றது.

“ஆட்டோல போயிருவமா?” என்றாள் ஃபேபியோலா.

“வேண்டாம் மைனி. வழியில ஏதாவதுன்னா ஆக்சிஜன்கூட இருக்காது,” என்றாள் கரோலின்.

ஆம்புலன்ஸ் வந்து கிளம்பும்போது பத்து ஐம்பது. ஃபேபியோலா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரோலின் பின்னால் சிரிலோடு ஏறிக்கொண்டாள். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகரவே இல்லை. சைரன் கத்தியது; விலகுவதற்கு யாருக்கும் இடமில்லை.

“கரோலின், இது வாயு இல்ல, என்ன?”

“இல்லண்ணே. பேசாதிய.”

“அவகிட்டச் சொல்லாத.”

கொஞ்ச நேரத்தில் அவர் கண்கள் மேலே செருகின. கரோலின் முழங்காலிட்டு அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். அதிர்ச்சி கொடுக்கும் கருவி அந்த வண்டியில் கிடையாது. போய்ச் சேரும்வரை, இருபத்திரண்டு நிமிடம், அவள் நிறுத்தவில்லை. அங்கே அவரை வாங்கிக்கொண்டவர்களும் வெகுநேரம் முயன்றார்கள். பிறகு ஒரு டாக்டர் நேரத்தைச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார்.

ஃபேபியோலா வெளியே பெஞ்சில் இருந்தாள். கரோலின் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகமே சொல்லிவிட்டது.

“நடந்துதான வந்தாவ,” என்றாள் ஃபேபியோலா. கொஞ்சம் கழித்து, “பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருவமான்னு வீட்ல வச்சே எனக்குத் தோணிச்சு. கரோலின் இருக்காளேன்னு நாந்தான் அங்க கூட்டிட்டுப் போனேன்.”

குரலில் கோபமே இல்லை. கரோலினுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆட்டோவில் அனுப்பியிருந்தால் என்ற நினைப்பை அவள் வாய்விட்டுச் சொல்லவுமில்லை, அதன்பிறகு அது அவளை விட்டுப் போகவுமில்லை.

“ஜெரோஷுக்கு நீயே சொல்லிரு. எனக்கு வாய் வரல.”

நெஞ்சை அழுத்தி அழுத்தி வலது மணிக்கட்டு வீங்கியிருந்ததால் கரோலின் இடது கையால் போனைப் பிடித்தாள். சிரிலின் மகன் உடனே எடுத்தான்.

“ஆன்ட்டி, நான் ஹிஞ்சேவாடியில இருந்து கிளம்பிட்டேன், பைக்ல. ஃபுல் டிராஃபிக். அப்பா ஓகேதானே?”

“ஜெரோஷ்,” என்றாள் கரோலின். “வண்டிய ஓரமா நிறுத்துப்பா.”